கூட்டு எடை

பத்தரைக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள், பதினொன்றே காலாகிவிட்டது, தொழிலாளர் அலுவலகத்து மாடி வராந்தாவில் எனக்குக் கிடைத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மூச்சை இழுத்தால் டக், விட்டால் டக், எழுந்து ஒரு உதை விடலாம் போல இருக்கிறது, ஆனால் இன்றைக்குக் கோபப்படக் கூடாது, காலையில் முகம் கழுவும்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டது அது, ராஜையா, இன்றைக்கு ஒருநாள் வாயை அடக்கு, இன்றைக்குக் காரியம் உன்னுடையது இல்லை. யாருடையது பின்னே? எதிர் பெஞ்சில் அண்டி ஆபீஸ் பெண்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்டி ஆபீஸ் என்றதும் வெளியூர்க்காரர்கள் ஏதோ சர்க்கார் ஆபீஸ் என்று நினைக்கிறார்கள், முந்திரிக் கொட்டையை வறுத்து உடைத்துத் தோல் உரித்துப் பருப்பாக்கி டின்னில் அடைக்கிற கம்பெனிதான், எங்கள் மார்த்தாண்டம் பக்கம் அதற்கு அதுதான் பேர். இந்த ஐந்து பேரும் தோல் உரிக்கிற பிரிவு. ஓரத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பது என் பெண்டாட்டி லீலாபாய். ஒரே வீட்டிலிருந்துதான் கிளம்பினோம், ஒரே பஸ்ஸில்தான் வந்தோம், அவள் முன்னால் பெண்கள் பக்கம் ஏறினாள், நான் பின்னால் ஏறினேன், இறங்கி மாடிப்படி ஏறும்வரை ஒரு சொல் இல்லை. நாலு வருஷமாக இப்படித்தான். சண்டை இல்லை. சோறு எடுக்கட்டா, மழை வருது, கரண்டு பில்லு வந்திருக்கு, எல்லாம் உண்டு. மற்றது இல்லை. அவளுக்கும் எனக்கும் இடையில் என் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது, மூன்று கோரிக்கை எழுதின தாள், மூன்றாவது கோரிக்கைக்காகத்தான் நான் இவர்கள் சார்பில் பேச வந்திருக்கிறேன், மற்ற ரெண்டுக்கும் யார் வந்தாலும் போதும்.

முதலாவது கிலோ ரேட்டை உயர்த்துவது, ரெண்டாவது குடிதண்ணீரும் கக்கூஸும், மூன்றாவது கூட்டு எடை. ஒவ்வொருத்தி உரித்ததையும் தனித்தனியாக நிறுக்காமல் ஒரு மேசையில் உட்காருகிற அத்தனை பேர் பருப்பையும் சேர்த்து ஒரே எடையாகப் போட்டு, கூலியைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பது. மேனேஜர் சுகுமாரன் போன வாரம் போனில் சிரித்தார், "எழுத்தாளர் சார், மூணாவது விட்டுக்கொடுக்கிறதுக்காக வச்சிருக்கீங்க, எனக்குத் தெரியாதா?" என்றார். அந்த மனுஷனைக் குற்றம் சொல்ல முடியாது. பேரம் பேசுகிறவன் எவனும் கீழே போடுவதற்கென்று ஒரு கோரிக்கையை மடியில் கட்டிக்கொண்டுதான் வருவான். நானே அப்படித்தான் வளர்ந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, பதினாறு வயதில் சைக்கிளில் ஒட்டுப்பால் வாங்கப் போனேன், ரப்பர் மரத்துச் சிரட்டையிலும் பட்டையிலும் ஒட்டிக் காய்ந்து கிடக்கிற மிச்சப் பால், அதை வீடு வீடாகப் பொறுக்கிக் கொண்டுபோய் குலசேகரத்தில் விற்பது. முதல் தடவை விற்கப் போனபோது கடைக்காரன் என் மூட்டையை மோந்து பார்த்துவிட்டுத் தூக்கி ரோட்டில் எறிந்தான், "மண்ணும் தண்ணியும் கொண்டாந்திருக்க, போலே" என்றான், நான் அழுதுகொண்டே அவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன், அப்புறம்தான் தெரிந்தது அவன் எல்லா மூட்டையையும் முதலில் ரோட்டில்தான் எறிவான் என்று. அடுத்த வாரம் அவன் எறிவதற்கு முன்னால் நானே எறிந்தேன். அன்றைக்குப் பிடித்த கோபம், இன்றுவரை விடவில்லை. அந்தக் கோபத்தால் ஒரு ஓட்டு வீடு கட்டினேன், தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்தேன், கதை எழுதினேன். அந்தக் கோபத்தால்தான் அந்த ஏழாவது பத்தியையும் காப்பாற்றினேன். வேண்டாம், அங்கே போகாதே. கதவைப் பார். பியூன் உள்ளே போகிறார். இல்லை, டீ கிளாஸ் எடுக்கத்தான்.

அவள் சொன்னதுதான் எல்லாம். முப்பது வயதுக்குமேல் நான் எழுத ஆரம்பித்தபோது எல்லோரும் ராஜையனுக்கு எங்கேயிருந்து இவ்வளவு விஷயம் வருகிறது என்று ஆச்சரியப்பட்டார்கள், எங்கேயிருந்து வரும், சாயங்காலம் ஆறரைக்கு அடுக்களைப் படியில் உட்கார்ந்து விரல் நுனியில் படிந்த காவியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தபடி லீலா பேசுவாள், நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டு கேட்பேன். அவள் பேச்சில் ஒரு ராகம் உண்டு. வேதக்கோயில் பாடகர் குழுவில் பாடுகிற குரல் அல்லவா. ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஒரு காரியம் சொல்லுவேன், வெளியே போகப்பிடாது, கேட்டீங்களா." போகாது என்றேன். தேங்காய் துருவியபடியே சொன்னேன், அதில் பொய் இல்லை, அந்த நிமிஷத்தில் உண்மையாகத்தான் சொன்னேன். உரிக்கிற கொட்டகையில் நீள மேசை, ஒரு பக்கத்துக்கு இருபது பேர், ஒவ்வொருத்தி முன்னாலும் தட்டு. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ முழுப்பருப்பு எடை வந்தால்தான் முழு ஆஜர், குறைந்தால் அரை ஆஜர், அரை ஆஜர் கூடிப்போனால் ஈ.எஸ்.ஐ. போகும், போனஸ் போகும், அப்புறம் வேலை போகும். மேசையின் கடைசி இடத்தில் ஞானப்பூ இருந்தாள், சுகர் வந்து கண் மங்கினவள், பருப்பை நகத்தால் தடவித்தான் தோல் இருக்கிறதா என்று பார்ப்பாள், அவளுக்கு எங்கே எடை வரும். ஆனால் வந்தது. தினமும் வந்தது. எப்படியென்றால், மதியத்துக்கு மேல் தூக்கம் வராமல் இருக்க இவர்கள் கீர்த்தனை பாடுவார்கள், லீலாதான் எடுத்துக் கொடுப்பாள், சரணம் பாடும்போது எல்லார் கையும் உரித்துக்கொண்டே இருக்கும், பல்லவிக்குத் திரும்பும்போது முதல் ஆள் தன் தட்டிலிருந்து அஞ்சாறு பருப்பைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளுவாள், அவள் தன்னுடையதையும் சேர்த்து அடுத்த தட்டுக்கு, அப்படியே போய்க் கடைசித் தட்டில் விழும். நாலு கீர்த்தனையில் ஞானப்பூவுக்கு எடை வந்துவிடும். ஞானப்பூவுக்கு மட்டும் இல்லை. பேறுகாலத்துக்காரி, காய்ச்சல்காரி, பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்தவள், அந்த வாரம் யாருக்கு முடியவில்லையோ அவளைக் கடைசி இடத்தில் உட்கார்த்திவிடுவார்கள், யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. மேனேஜர் வந்து, பாட்டு நல்லா இருக்கு, பாடுங்க பாடுங்க என்று சொல்லிவிட்டுப் போவாராம். லீலா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் தேங்காயை விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிய கதை.

பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், ஞானப்பூவை மரியம்மையாக்கினேன், மேனேஜரைக் குட்டையாகவும் வழுக்கையாகவும் ஆக்கினேன். பாட்டை மட்டும் மாற்றவில்லை. பல்லவிக்குப் பருப்பு நகர்கிற இடம் ஏழாவது பத்தி. பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார், மெத்தப் படித்த மனுஷன், தன்மையாகத்தான் பேசினார், "ராஜையன், கதை அருமை, கொஞ்சம் நீளம், ஏழாவது பத்தியை எடுத்துடலாமா, பாட்டு இல்லாமலே விஷயம் புரியுது." எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பாட்டு இல்லையென்றால் கதையே இல்லை சார் என்றேன். நாலு வரியாகச் சுருக்கலாமே என்றார். ஒரு வரி குறையக் கூடாது என்றேன். பக்கம் இல்லை என்றார். அப்படியானால் கதையைத் திருப்பி அனுப்புங்கள், எத்தனையோ பத்திரிகை இருக்கிறது என்று மூட்டையை ரோட்டில் எறிந்தேன், பழைய வித்தை, ரெண்டு நாள் கழித்து அவரே இறங்கி வந்தார், பத்தி முழுசாக வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், நெய்மீன், லீலா என்ன விசேஷம் என்று கேட்டாள், சும்மா என்றேன். அந்தத் தன்மையான மனுஷன் அன்றைக்குக் கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தால். எனக்கு மேல் ஒரு கோபக்காரனாக இருந்திருந்தால். எத்தனை தடவை இதை நினைத்திருக்கிறேன், ஒரே இடத்தில் சுற்றுகிற மாடு போல, சுருக்குங்கள் என்கிறார், மாட்டேன் என்கிறேன், சுருக்குங்கள், மாட்டேன். அப்புறம் அந்தக் கதைக்குப் பரிசு வந்தது. நாகர்கோவில் பேப்பரில் போட்டோவோடு போட்டார்கள், ரப்பர் தரகர் எழுத்தாளரான கதை என்று. நிருபர் பையன் நல்லவன், இதெல்லாம் எங்கிருந்து சார் கிடைக்கிறது என்று கேட்டான், என் மனைவி அண்டி ஆபீஸில் இருக்கிறாள் என்று நானேதான் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். அவளும் பேப்பரில் வரட்டும் என்று.

சுகுமாரன் கத்தவில்லை, யாரையும் அழைத்துக் கேட்கவில்லை. பேப்பர் வந்ததற்கு அடுத்த வாரம் மதியம் ரெண்டரைக்குக் கொட்டகைக் கதவில் வந்து நின்றார். "என்ன, இன்னைக்குப் பாட்டு இல்லியா? பாடுங்க" என்றார். யாரும் பாடவில்லை. "லீலாபாய், நீங்கதானே எடுத்துக் கொடுக்கிறது? பாடுங்க, கேக்கட்டும்." அவளுக்குப் பாட வேண்டியிருந்தது. நாற்பது பேரும் தலை குனிந்து உரித்துக்கொண்டிருக்கிறார்கள், அவள் சரணத்தைப் பாடுகிறாள், பல்லவிக்கு வருகிறாள், ஒரு கை அசையவில்லை, ஒரு பருப்பு நகரவில்லை, அவர் வாசலில் நிற்பதை முப்பத்தொன்பது பேர் பார்த்துவிட்டார்கள். ஞானப்பூவுக்கு மட்டும் தெரியவில்லை. அவளுக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாம் புகை. பல்லவி காதில் விழுந்ததும் வழக்கம்போலத் தன் தட்டைப் பக்கத்து ஆளை நோக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதுவும் விழவில்லை. "என்ன பிள்ளே, ஒறங்கிட்டியா?" என்று கேட்டாளாம் பக்கத்தில் இருந்தவளிடம். அவ்வளவுதான். மறுநாள் தச்சன் வந்து மேசையில் ஒவ்வொரு இடத்துக்கும் நடுவில் பலகை அடித்தான், தோள் உயரத்துக்கு, ஓட்டுப் போடுகிற இடத்தில் வைப்பார்களே அதுபோல. பாட்டு கூடாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை தனித்தனி எடை. ரெண்டே மாதத்தில் ஞானப்பூவின் ஆஜர் தேய்ந்து பேர் வெட்டப்பட்டது. அன்றைக்குச் சாயங்காலம் லீலா படியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இதை முழுசாகச் சொன்னாள், ராகம் இல்லாமல், பேப்பர் வாசிக்கிற மாதிரி. அதுதான் அவள் என்னிடம் சொன்ன கடைசிக் காரியம். கொட்டகையில் மற்றவர்கள் அவளோடு பேசாமல் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள் என்பதை நான் வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோயிலிலும் அவள் பாடுவதில்லை. உதடு அசையும். நான் பின் வரிசையிலிருந்து பார்ப்பேன், சத்தம் வருகிறதா என்று மற்ற குரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுக் கேட்பேன். வராது.

ஞானப்பூவைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியுமா. ஆரஞ்சுப்பழமும் வாங்கிக்கொண்டு போனேன், சுகர்காரிக்கு. கட்டிலில் உட்கார்ந்து என் முகம் இருக்கிற திசைக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தபடி, "ராஜையனா, வா வா, கதையெல்லாம் எழுதினியாமே, எனக்க பேரு என்ன வச்சிருக்க?" என்றாள். மரியம்மை என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். "போடே, அது எனக்க சின்னம்மைக்க பேராக்கும், பெகளக்காரி, நாலு வீட்டுக்குக் கேக்கும் அவளுக்க சத்தம். வேற பேரு கிடைக்கல்லியா ஒனக்கு?" நான் வாயைத் திறந்தேன், தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன், அவள் கையை ஆட்டினாள். "வாசி கேக்கட்டு. நல்லா இருந்துதுன்னு எல்லாரும் சொன்னா." வாசித்தேன். ஏழாவது பத்தி வந்ததும் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டு வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள், "பாட்ட விட்டுட்டியே." போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் செத்துப்போனாள். நான் அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரச் சமத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஆமாம், நான் இப்போது அதுதான் பேசுகிறேன், ஊர் ஊராக, மேலே ஒரு கோடு கீழே ஒரு கோடு, இதற்குமேல் எவனுக்கும் கூடாது, இதற்குக் கீழே எவளுக்கும் கூடாது, துண்டுப் பிரசுரம் போட்டிருக்கிறேன், தொண்டை கிழியப் பேசுகிறேன், சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் நம்புகிறேன், அதில் சந்தேகம் கிடையாது. ஆனால் கூட்டம் முடிந்து யாராவது ஒரு பிள்ளை எழுந்து, சார் நீங்கள் ஏன் கதை எழுதுவதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்கும். பசிக்கிறவன் முன்னால் கதை எதற்கம்மா என்பேன். கை தட்டுவார்கள். என் பெண்டாட்டி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், அதனால் என்னிடம் கதை இல்லை என்று எந்த மேடையில் சொல்வது. அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. நான் மைக் முன்னால் நின்று சமத்துவம் வேண்டும் வேண்டும் என்று கேட்கிற அந்தச் சாமான் அந்தக் கொட்டகையில் ஏற்கெனவே இருந்தது. சட்டம் இல்லாமல், சங்கம் இல்லாமல், ஒரு பல்லவியின் நீளத்துக்குள் இருந்தது. அதை எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தவன் நான்.

அதனால்தான் கூட்டு எடை. சட்டமாகவே கொண்டுவந்துவிட்டால் ஒளிக்க வேண்டியது இல்லை, பாட்டு வேண்டியது இல்லை, எவன் எழுதினாலும் எவன் வாசித்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இது ஞானப்பூவுக்கு ஆகாது, தெரியும். ஆனால் லீலாவுக்கு ஆகும். அவள் வாயால் சொல்லவில்லை, நான் பார்த்தேன். ஊறுகாய்க் குப்பியை ரெண்டு கையாலும் பிடித்துத் திருகுகிறாள், திறக்கவில்லை, என்னைக் கூப்பிடாமல் துணியைச் சுற்றித் திருகுகிறாள், அப்புறம் குப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள். காலையில் விரல்களை வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டு வைக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக உரிக்கிற விரல். இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், ரெண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, குளிர்கிற மாதிரி, இந்தச் சித்திரை வெயிலில். எத்தனை அரை ஆஜர் ஆகியிருக்கிறது? கேட்டால் சொல்வாளா? நான் என்ன செய்தாலும் இதை மட்டும் இன்றைக்கு வாங்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அஜிதா எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஐந்து பேரில் சின்னவள், இருபத்தாறு இருக்கும், கொட்டகையிலேயே வேகமான கை, ஒரு நாளைக்கு ரெண்டு பேர் எடை உரிப்பாள் என்று சொல்வார்கள். "அண்ணே, ஒண்ணு சொல்லட்டா, கோவப்படப்பிடாது." சொல்லு என்றேன். "அந்த மூணாவது வேண்டாம்ணே." எதை? "கூட்டு எடை. எங்களுக்கு வேண்டாம்." நாற்காலி டக் என்றது. ஏன் வேண்டாம் என்று கேட்டேன். "எனக்க கை ஓடும்ணே. ஓடாதவளுக்கு நான் ஏன் பங்கு எழுதிக் கொடுக்கணும்?" என்று தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னாள். ஓடாதவள் யார் என்று தெரியுமா பிள்ளே உனக்கு, அந்த மூலையில் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். நீ சேர்ந்த முதல் வாரம் உன் தட்டு எங்கே இருந்தது, கடைசியில் இல்லையா? யார் போட்டார்கள் உனக்கு? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலு வருஷப் பலகை இவர்களுக்கும் முளைத்துவிட்டதா, மனசுக்குள்ளேயே, தோள் உயரத்துக்கு? இதுவும் என் கணக்கில்தான் சேருமா? எதிர் பெஞ்சைப் பார்த்தேன். நாலு பேரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், லீலாவும். அப்போது பியூன் கதவைத் திறந்து, "அண்டி ஆபீஸ் வாங்க" என்றார்.

உள்ளே ஃபேன் ஓடியது. அதிகாரி அம்மா நடுவில், கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, முன்னால் கோப்பு. ஒரு பக்கம் சுகுமாரன் தனியாக, மறுபக்கம் நாங்கள் ஆறு பேர். முதல் கோரிக்கைக்கு அரை மணி நேரம் ஆனது, நான் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே சுகுமாரன் வந்தார், தண்ணீருக்கும் கக்கூஸுக்கும் சரி என்றார், என் வாய் தானாகப் பேசிக்கொண்டிருந்தது, பழகின வாய் அது, என் மனசெல்லாம் மூன்றாவதில் இருந்தது. "மூணாவது," என்றார் அதிகாரி அம்மா, "கூட்டு எடை. இது என்ன, கொஞ்சம் விளக்குங்க." நான் தொண்டையைச் செருமினேன். சுகுமாரன் என்னைப் பார்த்தார், விட்டுக்கொடுக்கிற நேரம் வந்துவிட்டது என்று காத்திருக்கிற முகம். விட மாட்டேன். அஜிதா வேண்டாம் என்றாலும் விட மாட்டேன், இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும். "மேடம், சமத்துவம் என்பது" என்று ஆரம்பித்தேன். "மேடம், அது வேண்டாம்" என்றது ஒரு குரல். லீலாவின் குரல். அறையில் எல்லோரும் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை, அந்தக் குரல் இவ்வளவு சத்தமாக என் பக்கத்தில் கேட்டு எத்தனை நாளாகிறது என்றுதான் நினைத்தேன். "அத எழுதாண்டாம். தாள்ல இருக்கது வெட்டிருங்க." அதிகாரி அம்மா பேனாவை வைத்துவிட்டு, "உங்க கோரிக்கைதானேம்மா?" என்றார். "எங்களுக்க கோரிக்கை வேற. மேசையில பலகை அடிச்சிருக்கு. அத மட்டும் எடுத்தா போதும். வேற ஒண்ணும் எழுதாண்டாம்." சுகுமாரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பலகையை எதுக்கு எடுக்கணும்னு காரணம் எழுதணுமே" என்றார் அதிகாரி அம்மா. அப்புறம் அஜிதா, என்னிடம் செருப்பைப் பார்த்துப் பேசின அஜிதா, அந்த அம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னாள், "காத்து வரல்ல மேடம். எனக்கு ரெண்டு மட்டம் தல சுத்திப் போச்சு." பக்கத்தில் இருந்தவள், "ஆமா மேடம், ஃபேன் காத்து பலகையில முட்டி நிக்குது" என்றாள். மூன்றாமவள், "உள்ள இருந்தா அவிஞ்சு போவோம்" என்றாள். வரிசையாக, ஒருத்தி முடித்த இடத்தில் அடுத்தவள் தொட்டு எடுத்து. எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்றைக்கோ பேசி முடித்திருக்கிறார்கள். யார் எந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்பதுவரை பேசியிருக்கிறார்கள், எங்கே வைத்துப் பேசினார்கள், பஸ்ஸிலா, என் வீட்டு அடுக்களைப் படியிலா, நான் ஊர் ஊராக மைக் பிடித்துக்கொண்டு இருந்தபோதா. எனக்கு மட்டும் சொல்லவில்லை. வராந்தாவில் அஜிதாவை அனுப்பியதும் அதற்காகத்தான், நான் இதைத் தாளில் ஏற்றிவிடக் கூடாதே என்று. எடை தட்டில் மாறுகிறவரை அது அவர்களுடையது. தாளில் ஏறினால் முதலாளி அதையும் நிறுப்பார்.

சுகுமாரனுக்கும் உறைத்துவிட்டது, அவர் மடையர் இல்லை. கதையை வாசித்தவர். ஐந்து பெண்களையும் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், வாய் லேசாகக் கோணியது, "இது நிஜமா காத்துக்காகத்தானா, எழுத்தாளர் சார்?" என்றார். நான் பொய் சொன்னேன். நாலு வருஷத்துக்குப் பிறகு கற்பனையாக ஒன்று சொன்னேன், கோபத்தோடு சொன்னேன், கோபம் வந்தால் என்னை எல்லோரும் நம்புவார்கள், "பின்னே எதுக்கு சார்? நாற்பது பொம்பளைகளை மீன் பெட்டியில அடைச்ச மாதிரி அடைச்சு வச்சிருக்கீங்க, நாளைக்கு ஒருத்தி விழுந்து செத்தா நீங்க பதில் சொல்லுவீங்களா? அதுக்கும் ஒரு ரேட்டு போடுவோமா?" என்று மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். அதிகாரி அம்மா, "மெதுவா, மெதுவா" என்றார். சுகுமாரன் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பலகைய எடுத்துடறேன்" என்றார். "பாட்டு கூடாது." அறையில் வேறு யாருக்கும் அந்த வார்த்தை என்னவென்று புரியவில்லை, அதிகாரி அம்மா, "என்ன பாட்டு?" என்றார். "வேலை நேரத்துல பாடக் கூடாது, அவ்வளவுதான் மேடம்." நான் வாயைத் திறப்பதற்குள் லீலா, "பாட்டு வேண்டாம்" என்றாள். ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. அவளுடைய பாட்டு. பேனாவை வாங்கி என் தாளில் மூன்றாவது கோரிக்கையின் மேல் நானே கோடு போட்டேன், அதற்குக் கீழே பலகை என்று எழுதினேன், காற்றோட்டம் என்று எழுதினேன், அவர்கள் ஒவ்வொருத்தராகக் கையெழுத்துப் போட்டார்கள். லீலாவின் முறை வந்தபோது அவள் பேனாவைப் பிடித்த விதத்தைப் பார்த்தேன், ரெண்டு விரல் மடங்கவில்லை, ஞானஸ்நானப் பேர் முழுசாக எழுத அவளுக்கு வெகுநேரம் ஆனது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

படியில் இறங்கும்போது அவளுக்குப் பின்னால் இறங்கினேன். மற்ற நாலு பேரும் முன்னால் போய்விட்டார்கள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன். "லீலா, பாட்டு இல்லாம எப்படி? எப்ப நகர்த்தணும்ணு எப்படித் தெரியும் எல்லாருக்கும்?" அவள் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன், அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்த சரக்கு, நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன், கோபம் இல்லை. இரக்கம் போல ஒன்று இருந்தது. "அது நீங்க அறியாண்டாம்" என்றாள். இறங்கிப் போனாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் ஐந்து பேரும் வட்டமாக நின்று டீ வாங்கினார்கள். நான் இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் நிழலில் நின்றேன். அஜிதா ஏதோ சொன்னாள், கையை மேசை மாதிரி நீட்டிக் காட்டி என்னவோ சொன்னாள், மற்றவர்கள் குனிந்து கேட்டார்கள், லீலா அதற்கு ஒரு பதில் சொன்னாள், எல்லோரும் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள், லீலாதான் கூடுதலாகச் சிரித்தாள், அடுக்களைப் படியில் உட்கார்ந்து சிரிப்பாளே அந்தச் சிரிப்பு. ரோடு ஒன்றும் அகலம் இல்லை. வண்டிகள் நின்றால் பேச்சு கேட்கும். சிக்னல் விழுந்து வண்டிகள் ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தன. எதுவும் காதில் விழாத தூரம்வரை நடந்துபோய் நின்றுகொண்டேன்.